மெல்லத் தின்னும் கடல்

2018ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இந்தியக் கடற்படையின் ஆறு பெண் அதிகாரிகள் 56 அடி நீளமுள்ள ‘தாரிணி’ என்ற பாய்ப்படகில் தென் அமெரிக்காவின் ஹார்ன் முனையைக் கடந்தார்கள். வர்த்திகா ஜோஷி தலைமையிலான குழு அது. உலகத்து மாலுமிகள் மிகவும் அஞ்சும் கடல்களில் ஒன்று ஹார்ன் முனைக் கடல். அங்கே வீசிய காற்றையும் எழுந்த அலைகளையும் தாரிணி தாங்கியது. ஆனால் தென் பெருங்கடலைத் தாண்டி, கேப் டவுனிலிருந்து கோவா நோக்கி வரும் வழியில், வெப்பமண்டல இந்தியப் பெருங்கடலில் அதன் சுக்கான் இயக்கத்தில் பழுது கண்டது. மொரீஷியஸின் போர்ட் லூயி துறைமுகத்தில் ஒதுங்கிச் சரிசெய்துகொண்டு, மே 21 அன்று கோவா வந்து சேர்ந்தார்கள். உலகைச் சுற்றக் கிளம்பி அதற்குள் 254 நாட்கள் கழிந்திருந்தன.

நெடுங்கடல் பயணத்தின் இயல்பு இந்த நிகழ்ச்சியில் தெரிகிறது. கடற்பயணம் என்றதும் நம் மனத்தில் எழுவது புயல். மாலுமிகளோ புயலைவிடத் தேய்மானத்தைப் பற்றித்தான் அதிகம் பேசுவார்கள். புயல் வரும், போகும். வெயிலும் உப்பும் உராய்வும் உயிரினங்களும் ஒரு நொடியும் ஓய்வதில்லை. நீலவானமும் வெதுவெதுப்பான நீரும் சீரான காற்றும் கொண்ட வெப்பமண்டலக் கடலில்தான் இந்த நான்கும் மிக வேகமாக வேலை செய்கின்றன. அந்தக் கடலுக்குப் படகைத் தயார்செய்வது என்றால், ஒவ்வொரு பாகத்தையும் எது தின்னும், எப்படித் தின்னும், எவ்வளவு நாளில் தின்னும் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்வது.

பத்து டிகிரிக் கணக்கு

பூமத்திய ரேகைக்கு இருபுறமும் சுமார் 23.4 டிகிரி வரை விரிந்துள்ள பகுதியே வெப்பமண்டலம். இங்கே கடலின் மேற்பரப்பு பல மாதங்களுக்கு 28 முதல் 30 டிகிரி செல்சியஸ் வரை வெதுவெதுப்பாக இருக்கும். ஐரோப்பாவின் வடபகுதிக் கடல் கோடையிலும் அநேகமாக 15, 18 டிகிரியைத் தாண்டாது.

பத்துப் பன்னிரண்டு டிகிரி வேறுபாடு பெரிதா என்று தோன்றலாம். வேதியியலில் ஒரு பட்டறிவு விதி உண்டு. வெப்பநிலை 10 டிகிரி உயர்ந்தால் பல வேதிவினைகளின் வேகம் ஏறத்தாழ இரண்டு மடங்காகும். இரும்பு துருப்பிடிப்பது, மின்கலம் மூப்படைவது, பழம் அழுகுவது, ரப்பர் வளையம் வெடிப்பது எல்லாமே வேதிவினைகள். குளிர்க்கடலில் பத்தாண்டு உழைத்த ஒரு பாகம் வெப்பக்கடலில் அவ்வளவு காலம் நிற்கும் என்று நம்ப முடியாது. பைபர் படகின் உடலும் இதற்கு விலக்கில்லை. இழைகளைப் பிணைக்கும் பிசினுக்குள் நீர் மூலக்கூறுகள் மெல்ல ஊடுருவும். நீர் சூடாக இருந்தால் விரைவாக ஊடுருவும். உள்ளே கரையக்கூடிய பொருள் இருந்தால் அங்கே நீர் சேர்ந்து கொப்புளங்கள் எழும். அதனால்தான் பயணத்துக்கு முன்பு படகைக் கரையேற்றி, நன்றாக உலரவிட்டு, நீர்மட்டத்துக்குக் கீழே எபாக்சி பூசுகிறார்கள்.

நாள் குறிப்பது

முதலில் தயார்செய்ய வேண்டியது நாட்காட்டி. எந்த மாதம் எந்தக் கடலில் இருக்க வேண்டும் என்பதை முடிவு செய்த பிறகுதான் மற்ற எல்லாம்.

பூமத்திய ரேகையை ஒட்டிய பகுதியில் காற்று சூடாகி மேலெழுகிறது. அந்த இடத்தை நிரப்ப வடக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் காற்று ஓடிவருகிறது. பூமி சுழல்வதால் அந்த ஓட்டம் நேராக வராமல் சாய்ந்து, வட அரைக்கோளத்தில் வடகிழக்குக் காற்றாகவும் தென் அரைக்கோளத்தில் தென்கிழக்குக் காற்றாகவும் வீசுகிறது. எட்மண்ட் ஹாலி 1686இல் இந்தக் காற்றுகளை வரைபடமாகத் தந்தார். அவை சாய்வதற்குப் பூமியின் சுழற்சியே காரணம் என்று 1735இல் விளக்கியவர் ஜார்ஜ் ஹாட்லி. இரண்டு காற்றுகளும் சந்திக்கும் இடத்தில் காற்று மேல்நோக்கியே போவதால் கடல்மட்டத்தில் அசைவற்ற நாட்கள் வரும். அடுத்த கணம் கரிய மேகம் திரண்டு சூறையும் மழையும் கொட்டும். மறுபடி அமைதி.

நம் இந்தியப் பெருங்கடலில் ஆசியப் பெருநிலத்தின் வெப்பம் இந்த ஒழுங்கை ஆண்டுக்கு இருமுறை புரட்டிப்போடுகிறது. அதுவே பருவக்காற்று. கச்சான் எப்போது தணியும், வாடை எப்போது எழும், சோழகம் எத்தனை நாள் நிற்கும் என்பதைக் கணக்கிட்டே தமிழ்க் கடலோடிகள் பாய்விரித்தார்கள். யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட ‘அன்னபூரணி’ என்ற பாய்க்கப்பல், அமெரிக்க மாலுமி வில்லியம் ராபின்சன் வாங்கிய பிறகு, இந்தியப் பெருங்கடலையும் சூயஸ் கால்வாயையும் அட்லாண்டிக்கையும் தாண்டி 1938 ஆகஸ்டில் அமெரிக்காவின் குளோசெஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. வல்வெட்டித்துறை மாலுமிகளும் அதில் சென்றிருந்தார்கள்.

புயல்களுக்கும் நாட்காட்டி உண்டு. வங்கக்கடலிலும் அரபிக்கடலிலும் மே மாதத்தை ஒட்டியும், அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலும் புயல்கள் மிகுதி. தென் இந்தியப் பெருங்கடலில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை. பூமத்திய ரேகையிலிருந்து ஏறக்குறைய 5 டிகிரிக்குள் புயல் உருவாவது மிக அரிது. காற்றைச் சுழலச் செய்யும் விசை பூமியின் சுழற்சியிலிருந்து வருகிறது. ரேகையை நெருங்க நெருங்க அந்த விசை குறைந்து, ரேகையிலேயே இல்லாமல் போகிறது. கடல் எவ்வளவு கொதித்தாலும் அங்கே காற்றுக்குச் சுழலத் தெரியாது. அந்த ஒடுக்கமான பட்டை மாலுமிக்குப் புயலிலிருந்து கிடைக்கும் பாதுகாப்பு.

வெயில் அறுக்கும் நூல்

பாய்த்துணியாக இன்று பெரும்பாலும் பயன்படுவது பாலியெஸ்டர். அது நீளமான மூலக்கூறுச் சங்கிலிகளால் ஆனது. சூரியனின் புற ஊதாக் கதிர் அந்தச் சங்கிலிகளை ஒவ்வொன்றாக அறுக்கிறது. துணி பார்வைக்கு அப்படியே இருக்கும். வலு மட்டும் போயிருக்கும்.

துணிக்கு முன்பே தையல் நூல் போய்விடும். நூலும் துணியும் ஒரே பொருளால் ஆனவையாக இருக்கலாம். ஆனால் நூல் மெலிது, துணியின் மேல் புடைத்து நிற்பது, அதனால் வெயிலும் உராய்வும் முதலில் அதன்மேல்தான் விழுகின்றன. நல்ல பாய் ஒன்று நடுக்கடலில் இரண்டாகப் பிரிவது பெரும்பாலும் துணி கிழிந்து நேர்வதில்லை, தையல் விட்டு நேர்வது. ஆகவே கிளம்புவதற்கு முன்பு பாயை விரித்து, ஒவ்வொரு தையல் வரியையும் நகத்தால் கீறிப் பார்க்கிறார்கள். நகத்துக்கே நூல் விட்டுக்கொடுத்தால் அந்த வரி முழுவதும் மறுபடி தைக்கப்படும். பி.டி.எப்.இ. என்ற பொருளால் ஆன நூலைப் புற ஊதாக் கதிர் ஏறக்குறைய தொடுவதே இல்லை. விலை அதிகம் என்றாலும் நெடும்பயணத்துக்கு அதைத் தேர்கிறவர்கள் உண்டு. சுருட்டி வைக்கும் முன்பாயின் ஓரத்தில் இன்னொரு துணிப் பட்டையைத் தைப்பார்கள். பாய் சுருண்டிருக்கும்போது அந்தப் பட்டை மட்டும் வெளியே தெரியும். வெயிலைத் தான் வாங்கி, சில ஆண்டுகளில் நைந்து, பாயைக் காப்பது அதன் வேலை.

மேல்தளத்துக்கு வெளிர்நிறம் பூசுவது, படகின் நடுவே துணிப்பந்தல் கட்டுவது, காற்று உள்ளே புகும்படி சாளரங்களுக்குமேல் துணிக்குழாய் கட்டுவது என்று வெயிலுக்கு இன்னும் பல ஏற்பாடுகள் உண்டு. களைத்து, நீர்ச்சத்து இழந்த மனிதர் தவறான முடிவெடுப்பார். எனவே நிழலும் ஒரு பாதுகாப்புக் கருவிதான்.

எவர்சில்வர் மூச்சு விடும்

பாய்மரத்தை நிமிர்த்தி நிறுத்துபவை எஃகுக் கம்பிவடங்கள். பெரும்பாலும் 19 கம்பிகளை முறுக்கிச் செய்த வடம். நாம் எவர்சில்வர் என்று அழைக்கும் துருப்பிடிக்காத எஃகால் அது ஆனது. துருப்பிடிக்காது என்பதற்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. எஃகில் கலந்துள்ள குரோமியம் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ஆக்சைடு படலத்தை உருவாக்குகிறது. கீறல் விழுந்தாலும் ஆக்சிஜன் கிடைக்கும்வரை படலம் தானே வளர்ந்து ஆறிவிடும். ஆக்சிஜன் கிடைக்காவிட்டால் ஆறாது.

உப்புநீர் தேங்கி, காற்றுப் புகாமல் இருக்கும் இடுக்குகள் அதற்கு எதிரி. கம்பிவடம் முனைக்குழாய்க்குள் நுழையும் இடம், மேல்தளத்தைத் துளைத்து இறங்கும் உலோகப் பட்டையின் மறைந்த பகுதி, திருகாணியின் தலைக்கு அடியில் உள்ள வெடிப்பு ஆகிய இடங்களில் வெளிப்புறம் பளபளக்க, உள்ளே எஃகு குழிகுழியாகக் கரையும். வெப்பமும் உப்பும் கூடிய இடத்தில் இன்னும் வேகமாக. இதனால்தான் அனுபவசாலிகள் தெரியும் பகுதியைத் துடைப்பதைவிடத் தெரியாத பகுதியைக் கழற்றிப் பார்ப்பதற்கு நேரம் செலவிடுகிறார்கள். பாய்மரத்தின் உச்சிவரை ஏறி, ஒவ்வொரு முனையையும் உருப்பெருக்கி வைத்துப் பார்ப்பார்கள். 19 கம்பிகளில் ஒன்று அறுந்திருந்தாலும் அந்த வடத்தை நம்புவதில்லை. மற்ற 18 கம்பிகளும் அதே வயதுடையவை, அதே சுமையைச் சுமந்தவை.

17,280 முறை

சீரான காற்று பின்னாலிருந்து தள்ளும் வெப்பமண்டலப் பயணத்தை நிலத்திலிருந்து கற்பனை செய்தால் சொகுசாகத் தோன்றும். உண்மையில் பின்காற்றில் படகு இடமும் வலமுமாக ஓயாமல் உருளும். ஐந்து நொடிக்கு ஒருமுறை உருள்கிறது என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளில் 17,280 முறை. முப்பது நாளில் ஐந்து லட்சத்துக்கும் மேல்.

ஒவ்வோர் உருளலிலும் பாயை உயர்த்திப் பிடித்திருக்கும் கயிறு உருளைச் சக்கரத்தின்மேல் ஒரு செண்டிமீட்டருக்கும் குறைவாக முன்னும் பின்னும் நகரும். பாயின் வயிறு மரத்தின் குறுக்குத்தண்டில் லேசாக உரசும். சுக்கானின் தாங்கி சிறிது சுழலும். ஒருமுறை நடந்தால் ஒன்றுமில்லை. ஐந்து லட்சம் முறை நடந்தால் கட்டைவிரல் பருமனுள்ள கயிறும் இற்றுவிடும்.

காற்றில்லாத நாட்கள் இதைவிட மோசம். பாயில் காற்று நிறைந்திருக்கும்போது அது விறைப்பாக நிற்கும். காற்று நின்று, பழைய அலை மட்டும் எஞ்சியிருந்தால், படகு உருளும்போதெல்லாம் பாய் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு அறைந்து விழும். அந்த அறை தையலையும் பாயின் அடித்தடியையும் அதன் மூட்டுகளையும் உலுக்கும். பலத்த காற்றில் ஒரு வாரம் ஓடுவதைவிட அமைதியில் ஒரு நாள் அடித்துக்கொள்வது பாய்க்கு அதிகக் கேடு செய்யலாம்.

இதற்கான மருந்துகள் மிக எளியவை. உரசும் இடமெல்லாம் பாய்க்குக் கூடுதல் ஒட்டுத்துணி தைப்பது. கயிறு வளையும் இடத்தில் தோலோ ரப்பர்க் குழாயோ சுற்றுவது. அடித்தடி திடீரென்று மறுபக்கம் வீசாமல் இருக்க அதை முன்பக்கமாகக் கயிற்றால் இழுத்துக் கட்டுவது. தினமும் கயிற்றைச் சில அங்குலம் தளர்த்தி, தேயும் இடத்தை மாற்றுவது. காலையில் எழுந்ததும் படகைச் சுற்றிவந்து தளத்தில் ஏதாவது ஆணியோ மரையோ கிடக்கிறதா என்று பார்ப்பது பழைய பழக்கம். கிடந்தால் அது எங்கிருந்து விழுந்தது என்று கண்டுபிடிக்கும்வரை வேறு வேலை இல்லை.

அடியில் குடியேறுபவர்கள்

வெதுவெதுப்பான கடலில் வெறுமையான பரப்பு என்பது உயிர்களுக்குக் கிடைத்த புறம்போக்கு நிலம். நீரில் இறங்கிய சில மணி நேரத்தில் படகின் அடியில் நுண்ணுயிர்ப் படலம் படிகிறது. பின் பாசி. பின் கொட்டலசு.

கொட்டலசு ஓர் அதிசயப் பிராணி. நண்டுக்கும் இறாலுக்கும் உறவு. குஞ்சுப் பருவத்தில் சுதந்திரமாக நீந்தித் திரிந்து, குடியேற ஓர் இடத்தைத் தன் உணர்கொம்புகளால் தொட்டுத் தொட்டுச் சோதிக்கும். பிடித்துவிட்டால் தலையைக் கீழே வைத்து, தானே சுரக்கும் பசையால் தன்னை ஒட்டிக்கொள்ளும். ஈரமான பரப்பில், உப்புநீருக்கு அடியில் உறுதியாகப் பிடிக்கும் பசை அது. பிறகு சுற்றிலும் சுண்ணாம்புக் கோட்டை கட்டிக்கொண்டு, வாழ்நாள் முழுவதும் தலைகீழாக இருந்து, கால்களை வெளியே நீட்டி உணவை வாரி உண்ணும். சார்லஸ் டார்வின் எட்டு ஆண்டுகள் இந்த உயிர்களை ஆராய்ந்தார்.

இவற்றின் கூட்டம் படகை எவ்வளவு தடுக்கும்? 2018இல் தொடங்கிய கோல்டன் குளோப் என்ற தனியாள் உலகைச் சுற்றும் பந்தயத்தில் வென்ற ஜான்-லூக் வான் டென் ஹீட் 212 நாட்களில் திரும்பினார். அதே பந்தயத்தில் ஐந்தாவதாக வந்த பின்லாந்து மாலுமி டாபியோ லெஹ்டினென் எடுத்துக்கொண்டது 322 நாட்கள். அவர் படகின் அடியில் கொட்டலசு மண்டியதே முக்கியக் காரணம்.

மரக்கலங்களின் காலத்தில் இன்னும் கொடிய எதிரி கப்பல் புழு. பெயர் புழு என்றாலும் அது சிப்பி இனம். உடலின் முனையிலுள்ள சிறு ஓட்டையே அரம்போலப் பயன்படுத்தி மரத்தைக் குடையும். வெளியே ஊசித்துளை, உள்ளே விரல் நுழையும் சுரங்கம். 1503இல் கொலம்பஸ் தன் நான்காவது பயணத்தில் புழு தின்று சல்லடையான கப்பல்களை ஜமைக்கா கரையில் ஏற்றிவிட்டு, மீட்புக்காக ஓராண்டு காத்துக் கிடந்தார். மரக்கலங்களைப் பருவம் தப்பாமல் கரையேற்றி, சுண்ணாம்பும் எண்ணெயும் கலந்து பூசுவது இந்தியப் பெருங்கடலோரம் பல இடங்களில் இருந்த வழக்கம்.

பிரிட்டிஷ் கடற்படை 1761இல் ‘அலார்ம்’ என்ற கப்பலின் அடியில் செப்புத்தகடு பொதிந்து கரீபியக் கடலுக்கு அனுப்பியது. திரும்பி வந்தபோது செம்பு இருந்த இடத்தில் புழுவும் இல்லை, பாசியும் இல்லை. ஆனால் தகட்டை இறுக்கிய இரும்பு ஆணிகள் பல இடங்களில் கரைந்து கூழாகியிருந்தன. உப்புநீரில் இரண்டு உலோகங்கள் தொட்டுக்கொண்டால் அது மின்கலம் ஆகிவிடுகிறது. இரண்டில் வீரியம் கூடிய உலோகம் கரைகிறது. செம்புக்கும் இரும்புக்கும் நடுவே பழுப்புக் காகிதம் தற்செயலாகச் சிக்கியிருந்த இடங்களில் மட்டும் ஆணிகள் தப்பித்திருந்தன.

அறுபது ஆண்டுகள் கழித்து வேதியியலறிஞர் ஹம்ப்ரி டேவி இதே விதியைத் தலைகீழாகப் பயன்படுத்தினார். செம்பைக் காக்க அதன்மேல் சிறு இரும்பு அல்லது துத்தநாகத் துண்டைப் பொருத்தினால், துண்டு கரையும், செம்பு தப்பும். 1824இல் சோதித்தபோது செம்பு உண்மையிலேயே கரையவில்லை. ஆனால் கப்பலின் அடியில் கொட்டலசும் பாசியும் அடர்ந்து வளர்ந்தன. செம்பு மெல்ல மெல்லக் கரைந்து நஞ்சாகக் கசிந்ததுதான் அதுவரை உயிர்களை விரட்டி வந்தது என்பது அப்போது விளங்கியது. கரைதலை நிறுத்தியதும் காவலும் நின்றுவிட்டது.

இன்றைய படகில் டேவியின் இரண்டு பாடங்களும் அருகருகே இருக்கின்றன. பைபர் உடலின் அடியில் செப்பு ஆக்சைடு கலந்த வண்ணம்; அது கரைய வேண்டும். இயந்திரத்தின் வெண்கல விசிறிக்குப் பக்கத்தில் துத்தநாகத் துண்டு. அதுவும் கரைய வேண்டும், விசிறிக்குப் பதிலாக. வெள்ளீயச் சேர்மம் கலந்த வண்ணம் ஒன்றும் ஒரு காலத்தில் புகழ்பெற்றிருந்தது. கடல் நத்தைகளில் பெண்ணினத்துக்கு ஆண் உறுப்பு முளைக்கும் அளவுக்கு அது கடலைக் கெடுத்ததால், அதை விலக்கும் உலக உடன்படிக்கை 2001இல் ஏற்கப்பட்டு 2008 முதல் நடைமுறையில் இருக்கிறது.

வண்ணம் பூசும்போது ஒரு சிறு கவனம் தேவை. நாற்பது நாளுக்கான நீரும் உணவும் எரிபொருளும் ஏற்றியதும் படகு சில அங்குலம் தாழும். காலியாக மிதந்தபோது போட்ட கோடு வரையில் மட்டும் பூசியிருந்தால், தாழ்ந்த அந்தச் சில அங்குலமே கொட்டலசுக்குத் தோட்டமாகிவிடும். ஆகவே கோட்டுக்குமேல் ஒரு கையகலம் கூடுதலாகப் பூசுவார்கள்.

துளைகளும் முளைகளும்

பாய்ப்படகின் உடலில் நீர்மட்டத்துக்குக் கீழே பல துளைகள் உண்டு. இயந்திரத்தைக் குளிர்விக்கும் நீருக்கு, கழிப்பறைக்கு, கழுவுதொட்டிக்கு. ஒவ்வொன்றிலும் ஒரு வால்வும் ரப்பர்க் குழாயும் இருக்கும். அரை மீட்டர் ஆழத்தில் நான்கு செண்டிமீட்டர் அகலமுள்ள ஒரு குழாய் விட்டுப்போனால், இயற்பியல் கணக்குப்படி நிமிடத்துக்குச் சுமார் 140 லிட்டர் நீர் உள்ளே வரும். கையால் இறைத்து அதை வெல்ல முடியாது. இதற்கான காப்பு, கூம்பாகச் சீவிய ஒரு மரமுளை. ஒவ்வொரு வால்வின் பக்கத்திலும் அதற்குரிய முளையைக் கயிற்றால் கட்டித் தொங்கவிடுவார்கள். துளையில் அடித்தால் மரம் நீரில் ஊறிப் பருத்து, தானே இறுகிக்கொள்ளும். இருட்டில், முழங்கால் நீரில் நின்று தேட நேரம் இருக்காது. அதனால்தான் அது பெட்டிக்குள் இல்லாமல் வால்வின் பக்கத்திலேயே தொங்குகிறது.

நீரும் சோறும்

ஒருவருக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர் என்று வைத்தால் இருவருக்கு நாற்பது நாளைக்கு 320 லிட்டர் வேண்டும். கடல்நீரைக் குடிநீராக்கும் கருவிகள் இன்று சிறு படகிலும் உண்டு. உப்புநீரையும் நன்னீரையும் ஒரு சவ்வு பிரித்தால் நன்னீர் உப்பை நோக்கிப் பாயும். கடல்நீரின் உப்புக்கு அந்தப் பாய்ச்சலின் விசை சுமார் 27 வளிமண்டல அழுத்தம். அதைவிட இரு மடங்கு அழுத்தத்தில் எதிர்ப்பக்கமாகத் தள்ளினால் நீர் மட்டும் சவ்வைக் கடக்கும், உப்பு நின்றுவிடும். ஆனால் பம்பு நின்றால் நீரும் நின்றது. ஆகவே கருவி இருந்தாலும் நீரை ஒரே தொட்டியில் நிரப்புவதில்லை. இரண்டு மூன்று தொட்டிகளாகப் பிரித்து, தனியாகச் சில கேன்களிலும் எடுத்துக்கொள்கிறார்கள். ஒன்று கெட்டாலும் மற்றது காக்கும். வெப்பமண்டலச் சூறைமழையைப் பந்தல் துணியில் பிடிப்பதற்கும் ஏற்பாடு இருக்கும்.

உணவில் முதல் விதி, அட்டைப்பெட்டி படகில் ஏறக்கூடாது. அதன் மடிப்புகளில் கரப்பான் முட்டைகள் ஒளிந்திருக்கும். ஈரவெப்பத்தில் அவை பெருகினால் நடுக்கடலில் தப்பிக்க வழியில்லை. எல்லாவற்றையும் துறைமுகத்திலேயே பிரித்து, துடைத்து, மூடியுள்ள டப்பாக்களுக்கு மாற்றுவார்கள். முட்டையைக் கழுவாமல் வாங்குவார்கள். ஓட்டின் நுண்துளைகளை இயற்கையான ஒரு மெல்லிய படலம் அடைத்திருக்கிறது. கழுவினால் அது போய்விடும், கிருமி உள்ளே போகும். குளிர்பதனப் பெட்டியைப் பார்த்திராத காய்கறிகளே நெடுநாள் நிற்கும்.

1747இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கடற்படை மருத்துவர், வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோய் கண்ட 12 மாலுமிகளை இருவர் இருவராகப் பிரித்து ஆறு விதமான மருந்துகள் கொடுத்துப் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் உண்ட இருவர் விரைவில் தேறினார்கள். எலுமிச்சை தீர்ந்த பிறகும் வைட்டமின் சி கிடைக்க இன்று பல மாலுமிகள் கையாளும் வழி நம் வீட்டு வழிதான். உலர்ந்த பச்சைப்பயறில் ஏறக்குறைய இல்லாத வைட்டமின் சி, அதை ஊறவைத்து முளைகட்டியதும் உண்டாகிவிடுகிறது. ஒரு கிலோ பயறும் ஈரத்துணியும் இருந்தால் நடுக்கடலிலும் பசுமை கிடைக்கும்.

இடியும் வானமும்

காற்றுகள் சந்திக்கும் பட்டையில் இடிமின்னல் அன்றாடம். சுற்றிலும் தட்டையான கடலில் 20 மீட்டர் உயர அலுமினியப் பாய்மரம் ஒன்றே மேடு. மின்னல் இறங்கினால் நேராகக் கடலுக்குப் போகும்படி பாய்மரத்தின் அடியிலிருந்து தடித்த செப்புக்கம்பி வழியாக அடிப்பக்க உலோகத் தகட்டுக்கு இணைப்புக் கொடுப்பார்கள். இடிமேகம் நெருங்கியதும் கைக்கடக்கமான ஜி.பி.எஸ். கருவியையும் கைபேசியையும் அடுப்பின் எஃகு ஓவனுக்குள் வைத்து மூடுவது பல மாலுமிகளின் வழக்கம். மூடிய உலோகப் பெட்டிக்குள் வெளி மின்புலம் பெரும்பாலும் நுழையாது என்று 1836இல் மைக்கேல் பாரடே காட்டியிருந்தார்.

கருவிகள் எல்லாம் செயலிழந்தால் வானம் இருக்கிறது. அதைப் படிக்கக் கற்பதும் தயாரிப்பின் பகுதி. துருவ நட்சத்திரம் அடிவானிலிருந்து எத்தனை டிகிரி உயரத்தில் நிற்கிறதோ ஏறத்தாழ அதுவே நாம் இருக்கும் அட்சரேகை. அரபு மாலுமிகளும் நம் மாலுமிகளும் முடிச்சிட்ட கயிறு கோத்த சிறு பலகையைக் கொண்டே அதை அளந்தார்கள். கோவாவில் 15 டிகிரி உயரத்தில் தெரியும் அந்த விண்மீன், தெற்கே போகப் போகத் தாழ்ந்து, பூமத்திய ரேகையில் அடிவானில் மறைகிறது. நடுப்பகல் சூரியனின் உயரத்தை அளந்தும் அட்சரேகையைக் காணலாம். ஆனால் வெப்பமண்டலத்தில் ஆண்டுக்கு இரண்டு நாள் சூரியன் உச்சந்தலைக்கு நேரே நிற்கும். சென்னையில் அது ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 ஆகிய நாட்களை ஒட்டி நிகழும். அப்போது சூரியன் சில நிமிடங்களிலேயே கிழக்கிலிருந்து மேற்குக்குத் தாவுவதால் எந்தத் திசை அடிவானிலிருந்து அளப்பது என்றே குழப்பம் வரும். அந்த நாட்களில் நட்சத்திரங்களை நம்புவதே நல்லது.

பள்ளிப்பாடம் உயிர்காக்கும் இடம்

தாரிணி 2024 அக்டோபர் 2 அன்று மறுபடியும் கோவாவிலிருந்து கிளம்பியது. இந்த முறை இரண்டே பேர்: கோழிக்கோட்டைச் சேர்ந்த தில்னாவும் புதுச்சேரியைச் சேர்ந்த ரூபாவும். பூமத்திய ரேகையைப் போகும்போதும் வரும்போதும் கடந்து, ஏறத்தாழ எட்டு மாதங்களில் சுமார் 25,400 கடல்மைல் ஓடி, 2025 மே 29 அன்று திரும்பினார்கள். ஏறக்குறைய 47,000 கிலோமீட்டர். இரண்டே பேர் என்பதால் மாலுமி வேலையோடு பாய் தைப்பவர், மின்பணியாளர், குழாய் பழுதுபார்ப்பவர், சமையற்காரர் எல்லாமும் அவர்களே.

இந்தப் பயணங்களின் வீரத்தை நாம் கொண்டாடுகிறோம், கொண்டாட வேண்டியதுதான். ஆனால் அவற்றின் வெற்றி, கிளம்புவதற்குப் பல மாதங்களுக்கு முன்பு, கரையேற்றிய படகின் அடியில் மல்லாந்து படுத்து வண்ணம் பூசியவர்களாலும், தையலை நகத்தால் கீறிப் பார்த்தவர்களாலும், வால்வுக்குப் பக்கத்தில் மரமுளையைக் கட்டியவர்களாலும் பாதி முடிவு செய்யப்பட்டுவிடுகிறது. அரிமானம், சவ்வூடு பரவல், உராய்வு, காற்றழுத்தம், மின்வேதியியல் என்று நம் பிள்ளைகள் தேர்வுக்காக மனப்பாடம் செய்யும் பாடங்களே அங்கே மனித உயிரைக் காக்கின்றன.

அறிவியல் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். காசிமேட்டிலோ நாகப்பட்டினத்திலோ தூத்துக்குடியிலோ படகுகளைக் கரையேற்றிப் பழுதுபார்க்கும் இடத்துக்கு உங்கள் மாணவர்களை ஒருமுறை அழைத்துச் செல்லுங்கள். சுரண்டி எடுத்த கொட்டலசையும், பாதி கரைந்த துத்தநாகத் துண்டையும், தேய்ந்த கயிற்றையும் அவர்கள் கையில் கொடுங்கள். அங்கே வேலை செய்கிறவர்களைப் பேசவிட்டுக் கேளுங்கள். பாடநூலின் பல பக்கங்கள் ஒரே காலைப்பொழுதில் புரிந்துவிடும்.